“கோட்டை விட்டிட்டன்” என்றார் சாட்சி

நீதிமன்றத்தில் உரைபெயர்ப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அண்மையில், இந்த வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளோடு கொஞ்ச நேரம் பேசும்படி என்னை யாழ்ப்பாணத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஒருவர் பேசுவதை இப்போது கைத்தொலைபேசியே கேட்டு மற்ற மொழியில் எழுதிக் காட்டிவிடுகிறது. அப்படியிருக்க எங்களுக்கு இனி என்ன வேலை மிஞ்சும் என்பதுதான் அவர்களுடைய கவலை. ஒரு பெண்பிள்ளை எழுந்து, “ஐயா, உங்களுக்கு மொழிபெயர்க்க ஏலாமல் போன சொல் எது?” என்று கேட்டார்.

பெரிய சட்டச் சொல் ஒன்றை எதிர்பார்த்திருப்பார். “கோட்டை விட்டிட்டன்” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு, அதற்கு என்ன பொருள், அது எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். பொருள் தெரியும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, தெரியாது என்றும் சொன்னேன். எங்கிருந்து வந்தது என்பதும் தெரியாது. அந்தப் பிள்ளைகளின் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. நேரமும் முடிந்துவிட்டது. அங்கே சொல்ல வாய்க்காததை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

நான் பிறந்தது யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் உள்ள சரவணை. அப்பா தென்பகுதியில் கடலோர ஊர் ஒன்றில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். எங்கள் தீவுகளில் அப்போது அநேகமான வீடுகளின் பிழைப்பு அப்படித்தான்; வீடு இங்கே, கடை சிங்கள ஊரில். பள்ளிக்கூடம் முடிந்ததும் நானும் அங்கே போனேன். மேசை துடைத்தும் பரிமாறியும் மற்றவர்கள் சண்டை பிடிப்பதைக் கேட்டும் சிங்களம் படித்தேன். கலவரத்தில் கடை எரிந்தது. ஊருக்கு வந்தோம். பிறகு ஊரையும் விட்டு ஓடினோம். கடையில் இருந்த ஒன்றும் மிஞ்சவில்லை, அந்த மொழி மட்டும் என்னோடு வந்தது. பல வருடம் கழித்து அதைக் கொண்டு பரீட்சை எழுதி, தீவுப்பகுதி நீதிமன்றம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். சட்டத்தரணிகளில் வயதானவர்கள் என்னை, உரைபெயர்ப்பாளரைக் கூப்பிடும் பழைய வழக்கப்படி ‘முதலியார்’ என்றே கூப்பிடுவார்கள். முதல் சில மாதம் அது என்னைத்தான் என்று விளங்காமல் திரும்பிப் பார்ப்பேன்.

வேலை இதுதான். சாட்சி ஏறி நிற்கும் கூட்டுக்கும் எதிரி நிற்கும் கூட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரை எங்கள் நீதிமன்றங்களில் எதிரி என்பது வழக்கம். சாட்சி சத்தியம் செய்வதற்கு முன் உரைபெயர்ப்பாளனும் செய்திருக்க வேண்டும். சாட்சி ‘நான்’ என்றால் நீயும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். ‘அவர் சொல்கிறார்’ என்று விலகி நிற்கக் கூடாது. மாடு களவெடுத்தவனும் நான், மாட்டைப் பறிகொடுத்தவனும் நான். கூட்டாமல், குறைக்காமல், அழகுபடுத்தாமல் சொல்ல வேண்டும். சாட்சி கெட்ட வார்த்தை சொன்னால் அதையும் சொல்ல வேண்டும். நீதவானின் அனுமதி இல்லாமல் சாட்சியிடம் ஒரு சொல்லும் தனியாகக் கேட்கக் கூடாது. இந்தக் கடைசி விதிதான் கஷ்டமானது. எதிரில் நிற்கும் மனிதர் என்ன சொல்ல வருகிறார் என்று கேட்கத் தோன்றும். கேட்கக் கூடாது.

எனக்குத் தொல்லை தந்த சொற்களில் பாதி விளையாட்டிலிருந்து வந்தவை. ஒருமுறை கசிப்பு என்கிற கள்ளச் சாராய வழக்கு ஒன்றில் வயதான சாட்சி ஒருவர், “நான் போகேக்க ஆள் அவுட் ஐயா” என்றார். நான் அதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது என்று தடுமாறிக்கொண்டிருக்க, அங்கே புதிதாக வந்திருந்த பொலிஸ்காரர் ஒருவர் ஆள் செத்துவிட்டார் என்று விளங்கிக்கொண்டார். செத்தவர் எதிரிக் கூட்டில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். குடிவெறியில் நினைவில்லாமல் கிடந்தார் என்பதுதான் சாட்சி சொன்னது. அன்றைக்கு நானும் சிரித்தேன். அப்படியான சொல் ஒன்றில் ஒரு மனிதரின் விடுதலை தொங்கும் என்று அப்போது நினைக்கவில்லை.

அந்த வழக்கு நடந்தபோது எங்கள் நீதவான் ஒரு பெண். யாழ்ப்பாணம் நகரத்துக்காரர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சாட்சியத்தைத் தன் கையாலேயே எழுதுவார். ஏதாவது சரியில்லை என்று பட்டால் பேனையின் மூடியை எடுத்து மெதுவாகப் போட்டு மூடுவார். மூடிய பேனையைக் கண்டால் பெரிய சட்டத்தரணிகளும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். நான் சேர்ந்து கொஞ்சக் காலத்தில், சாட்சி ஒருவர் குழப்பமாகச் சொன்னதை நான் தெளிவாக்கிச் சொல்லிவிட்டேன் என்று அறைக்குக் கூப்பிட்டார். “அவர் குழப்பமாய்ச் சொன்னால் நீரும் குழப்பமாய்ச் சொல்லும். அந்தக் குழப்பமும் சாட்சியம்தான்” என்றார். அவ்வளவுதான். போகலாம் என்று கண்ணால் காட்டினார்.

இனி அந்த வழக்கு.

நெடுந்தீவில் பழைய கோட்டையின் இடிந்த சுவர்களுக்குப் பக்கத்தில் ஒரு வெளி இருந்தது. ஊர்ப் பிள்ளைகள் அங்கே வலை கட்டிக் கரப்பந்து விளையாடுவார்கள். அந்த நேரம் தீவில் வீதி போடுவதற்குத் தெற்கிலிருந்து தொழிலாளர் வந்து தங்கியிருந்தார்கள். பின்னேரங்களில் அவர்களும் வந்து பந்தடிக்கத் தொடங்கினார்கள். மொழி தெரியாவிட்டாலும் விளையாட்டு நன்றாகத்தான் நடந்தது. பிறகு ஊர் அணிக்கும் வீதி வேலைக்காரர் அணிக்கும் ஒரு போட்டி வைத்தார்கள்.

அந்தப் போட்டியில் கோட்டு நடுவராக நின்றவர் கனகரத்தினம். ஐம்பதைத் தாண்டியவர். நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் ஓடும் வள்ளத்தில் வேலை. கயிறு கட்டுவது, சாமான் ஏற்றுவது, ஆட்களைக் கை கொடுத்து இறக்குவது. அவர் ஒரு பக்கமும் சாய மாட்டார் என்று எல்லோருக்கும் நம்பிக்கை. மைதானத்தின் ஒரு மூலையில், வெள்ளைத் தூளால் போட்ட கோட்டின் நேரே, கையில் கொடியோடு நின்றிருக்கிறார். பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்று பார்ப்பது அவர் வேலை. ஊர் அணியின் தலைவன் ஜெயசீலன் அவருடைய தங்கை மங்கையின் மகன். தகப்பன் இல்லாத பிள்ளை, மாமன் பார்த்து வளர்ந்தவன். அதையும் யாரும் குறையாகச் சொல்லவில்லை. கனகரத்தினம் மருமகனுக்கு எதிராகவும் கொடி உயர்த்துவார் என்று ஊருக்குத் தெரியும்.

கடைசி ஆட்டத்தில் ஒரு பந்து கோட்டில் விழுந்தது. அவர் கொடி காட்டினார். ஒரு பக்கம் ஒப்புக்கொள்ளவில்லை. வலைக்குக் கீழால் புகுந்து தள்ளுப்பட்டார்கள். பார்க்க வந்தவர்களும் உள்ளே இறங்கினார்கள். அந்த அமளிக்குள் எங்கிருந்தோ ஒரு முருகைக்கல் வந்தது. அந்தத் தீவில் மதில்கள் எல்லாம் அந்தக் கல்தான். குனிந்தால் கையில் ஒன்று வரும். கல் ஜெயசீலனின் கண்ணில் பட்டது. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் கடல் கடக்க வேண்டும், பஸ் பிடிக்க வேண்டும். அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை.

எறிந்தது சமன் என்றார்கள். சமன் வீதி வேலையில் மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் ஓட்டியவர், இளம் ஆள், தமிழ் துளியும் தெரியாது. தள்ளுப்பட்டவர்களில் முன்னுக்கு நின்றவர் அவர்தான். கையில் கல்லோடு கண்டோம் என்று சொல்லச் சிலர் இருந்தார்கள். தன்னை யாரோ பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்கள் என்று சமன் சொன்னார். யார் என்று கேட்டதற்கு, முகத்தைக் காணவில்லை என்றார். அது யாருக்கும் நம்பக்கூடியதாக இருக்கவில்லை. பிணை நிற்க ஆள் இல்லாமல் மாதக் கணக்காக மறியல் சிறையில் இருந்தார்.

வழக்கு எடுத்த முதல் நாள் காற்றுக்கு வள்ளம் ஓடவில்லை, சாட்சிகள் வரவில்லை. அடுத்த தவணை வேறு காரணத்தால் தள்ளிப்போனது. பிறகு இரண்டு சாட்சிகள் வந்து, எதிரி எறிந்ததைக் கண்டோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்கு அடுத்த தவணைக்குக் கனகரத்தினம் வந்தார். தங்கையும் கூடவே வந்து பின் வரிசை வாங்கில் அமர்ந்தார். ஜெயசீலன் வரவில்லை.

பொலிஸ் தரப்பில் சார்ஜன் ஒருவர் கேள்வி கேட்டார். நல்ல தமிழ் பேசுபவர். பெயர், தொழில், அன்றைக்கு என்ன பொறுப்பில் நின்றீர், சண்டை எப்படித் தொடங்கியது. கனகரத்தினம் ஒவ்வொன்றுக்கும் சுருக்கமாகப் பதில் சொன்னார். நான் ஒவ்வொன்றையும் எதிரிக்கும் அவருடைய சட்டத்தரணிக்கும் சிங்களத்தில் சொல்லிக்கொண்டு வந்தேன். சட்டத்தரணி தெற்கிலிருந்து வந்தவர், அவருக்கும் தமிழ் விளங்காது. நான் சொல்வதுதான் அவர்களுக்குச் சாட்சியம்.

“எதிரி கல்லெறிஞ்சதை நீர் கண்டனீரோ?” என்று சார்ஜன் கேட்டார்.

கனகரத்தினம் பின் வாங்கைப் பார்த்தார். பிறகு கூட்டின் மரச் சட்டத்தைப் பார்த்தார்.

“அந்த நேரம் நான் கோட்டை விட்டிட்டன், ஐயா.”

சார்ஜன் தலையாட்டிவிட்டுத் தன் இடத்தில் இருந்துவிட்டார். நீதவான் எழுதத் தொடங்கினார். நான் வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கோட்டை விடுவது என்றால் தவற விடுவது. பஸ்ஸைக் கோட்டை விட்டோம், பரீட்சையில் கோட்டை விட்டான் என்று எல்லோரும் சொல்கிறோம். அப்படி எடுத்தால் அவர் காணவில்லை என்று ஆகிறது; அதோடு அவருடைய சாட்சியம் முடிந்தது. என் வாயில் முதலில் வந்த சிங்களச் சொல்லும் அதுதான். ஆனால் அது வரும்போதே எங்கள் சரவணை வெளியும் வந்துவிட்டது. அங்கே நாங்கள் கிளித்தட்டு விளையாடுவோம். நிலத்தில் குறுக்கும் நெடுக்கும் கோடு கீறி, ஒரு பக்கத்தார் கோடுகளில் நின்று காவல் காப்பார்கள். மறுபக்கத்தார் அவர்களிடம் அடி வாங்காமல் கோடு கோடாகக் கடக்க வேண்டும். காவல் நிற்பவன் ஆசைப்பட்டு எட்டி அடிக்கப் போய்க் காலைக் கோட்டிலிருந்து எடுத்தால், மற்றவன் அந்தப் பக்கத்தால் போய்விடுவான். அப்போது எல்லோரும் ஒரே குரலில் கத்துவோம், கோட்டை விட்டிட்டான் என்று. அங்கே கோட்டை என்றால் அரசன் கட்டிய கோட்டை இல்லை. கோடு. அந்தக் கோட்டை விட்டிட்டான்.

எனக்கு முன்னால் நின்றவர் கோட்டு நடுவர். உண்மையாகவே ஒரு கோட்டில் நின்றவர். அதுவும் போதாதென்று, அந்த விளையாட்டு நடந்த இடம் ஒரு கோட்டைக்குப் பக்கம். சிங்களத்தில் கோட்டைக்கு ஒரு சொல், கோட்டுக்கு வேறொரு சொல், தவற விடுவதற்கு மூன்றாவது சொல். மூன்றையும் போர்த்தி மூடக்கூடிய ஒரு சொல்லைத் தேடினேன். குழப்பத்தைக் குழப்பமாகவே சொல்லும் என்று நீதவான் சொல்லியிருந்தார். அந்த மொழியில் அந்தக் குழப்பம் இல்லை. நான் என்ன செய்வது?

“என்ன, நிக்கிறீர்?” என்று நீதவான் நிமிர்ந்தார்.

“அம்மா, சாட்சி சொன்ன சொல்லில எனக்கு ஒரு மயக்கம் இருக்கு. விளக்கம் கேக்க அனுமதி வேணும்.”

“எந்தச் சொல்?”

“கோட்டை விட்டிட்டன்.”

அவர் பேனையை மூடினார். “தவற விட்டிட்டன் எண்டுதானே. இதில என்ன மயக்கம்?”

“ஓம் அம்மா, அப்பிடியும் இருக்கலாம். ஆனா இவர் அண்டைக்குக் கோட்டில நிண்டவர். அந்தக் கோட்டை விட்டு விலகிப் போயிட்டன் எண்டும் இருக்கலாம். எனக்குத் தெரியேல்லை.”

சார்ஜன் எழுந்தார். “அம்மா, விளையாட்டு நடந்தது கோட்டையடியில. சண்டை வந்த உடனே இவர் கோட்டையை விட்டு வீட்டை போயிட்டார் எண்டுதான் நான் விளங்கிக்கொண்டனான்.”

மூன்று பேர், மூன்று பொருள். எதிரியின் சட்டத்தரணி சிங்களத்தில், “என்ன நடக்கிறது?” என்று என்னிடம் கேட்டார். சாட்சி சொன்னதற்கு மூன்று பொருள் இருக்கிறது என்றேன். “மூன்றில் எது?” என்றார். அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்றேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். சமன் கூட்டுக்குள் நின்று எங்கள் எல்லோருடைய வாயையும் மாறி மாறிப் பார்த்தார். சாதாரண ஒரு சொல்லைப் பெரிதாக்கி நீதிமன்றத்தின் நேரத்தை வீணாக்குகிறேனோ என்று பயமாக இருந்தது. எந்தப் பொருளில் சொன்னீர் என்று நீதவான் கேட்பார், தவற விட்டதைத்தான் சொன்னேன் என்று அவரும் சொல்வார், நான் தலையைக் குனிந்துகொண்டு தொடர வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

நீதவான் அப்படிக் கேட்கவில்லை. சாட்சியின் பக்கம் திரும்பினார்.

“அந்த நேரம் உம்மட கால் எங்க நிண்டது?” என்றார்.

கனகரத்தினம் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

“கோட்டில நிண்டதோ?”

“இல்லை அம்மா.”

“பின்னை?”

“வலைக்குக் கிட்ட.”

“வலைக்குக் கிட்ட நிண்டு என்ன செய்தனீர்?”

“பிடிச்சுக்கொண்டு நிண்டனான்.”

“ஆரை?”

அவர் கையை உயர்த்தி எதிரிக் கூட்டைக் காட்டினார். “இந்தப் பிள்ளையை.”

பின் வாங்கில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. நீதவான் பேனையைத் திறந்தார்.

“எப்பிடிப் பிடிச்சனீர்?”

“பின்னாலை நிண்டு, ரண்டு கையையும் சேத்து. இவர்தான் முன்னுக்குப் பாய்ஞ்சுகொண்டு நிண்டவர். இவரை இழுத்தால் மற்றவை அடங்குவினம் எண்டு நினைச்சு ஓடிப்போய்ப் பிடிச்சனான்.”

“கல்லு வரேக்க?”

“பிடிச்சபடிதான் நிண்டனான். என்ர மருமோன் முகத்தைப் பொத்திக்கொண்டு விழேக்கதான் கையை விட்டனான்.”

நான் அதை ‘நான்’ என்றே சமனுக்குச் சொன்னேன். நான் உம்மைப் பின்னாலிருந்து பிடித்திருந்தேன், கல் வரும்போதும் பிடித்திருந்தேன் என்று. சமன் என்னை வெறித்துப் பார்த்தார். நான்தான் பிடித்தேன் என்று ஒரு கணம் நினைத்தாரோ என்னவோ. பிறகுதான் கனகரத்தினத்தின் பக்கம் திரும்பினார். அவரை மேலும் கீழும் பார்த்தார். தன்னைப் பிடித்தவரின் முகத்தை அன்றைக்குத்தான் காண்கிறார்.

“இதை ஏன் முந்திச் சொல்லேல்லை?” என்று நீதவான் கேட்டார்.

“கல்லெறிஞ்சதைக் கண்டனீரோ எண்டுதான் அம்மா எல்லாரும் கேட்டவை. நான் காணேல்லை. எனக்குப் பின்பக்கத்தாலதான் கல்லு வந்தது.” மறுபடியும் பின் வாங்கைப் பார்த்தார். “கோட்டிலயே நிண்டிருந்தால் கண்டிருப்பன்.”

இதையும் சொன்னேன்.

முன்பு சாட்சி சொன்னவர்களை நீதவான் திரும்பக் கூப்பிட்டார். அவர்கள் ஆளுக்கொரு மாதிரிச் சொன்னார்கள். சமன் விடுதலையானார். கல்லை எறிந்தது யார் என்று இன்று வரை தெரியாது. சமனுக்கு எறிந்தது தவறி ஜெயசீலனில் பட்டிருக்கலாம் என்று பலரும் நினைத்தார்கள். நினைத்ததை யாரும் வந்து சொல்லவில்லை.

கனகரத்தினம் சாட்சி சொன்ன அன்று நீதிமன்றம் கலைந்தபோது விறாந்தையில் வேறு வழக்குக்கு வந்த இளந்தாரிகள் நின்றார்கள். அவர்களில் ஒருவன், “அப்ப சேம் சைட் கோல்தான்” என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். அது ஒரு பிள்ளையின் கண் என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. அப்படிச் சொல்லிப் பழகிவிட்டது. அவர்களுக்குப் பின்னால் மங்கை நின்றார். அதைக் கேட்டுவிட்டார் என்று அவர் முகத்தில் தெரிந்தது. அவர்களை ஒன்றும் சொல்லாமல் என்னிடம் வந்தார்.

“அண்ணை, நீங்கள் ஏன் அந்தச் சொல்லைக் கிண்டினீங்கள்?”

நான் கிண்டவில்லை, எனக்கு விளங்கவில்லை, அதுதான் கேட்டேன் என்றேன்.

“அது ஆருக்கு விளங்காது? எனக்கு விளங்கினது, சார்ஜனுக்கு விளங்கினது. தமிழிலதானே சொன்னவர்.”

நான் கையிலிருந்த கடதாசிகளை மடித்தேன்.

“என்ர பிள்ளையின்ர கண்ணை எடுத்தவன் உள்ளுக்கு இருக்கிறான் எண்டு நினைச்சுத்தான் நான் இவ்வளவு நாளும் நித்திரை கொண்டனான். இனி ரோட்டால போற வாற பெடியள் எல்லாரையும் பாக்க வேணும். கடைக்குப் போனால் பாக்க வேணும். கோயிலுக்குப் போனால் பாக்க வேணும்” என்றார். அழவில்லை. அண்ணன் வரும் வரையும் நிற்காமல் தனியாக பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அன்று பின்னேரம் நீதவான் என்னை அறைக்குக் கூப்பிட்டார். பாராட்டப் போகிறாரா, ஏசப் போகிறாரா என்று தெரியவில்லை.

“நீர் இண்டைக்கு நிண்டது சொல் விளங்காமலோ, ஆளை விளங்கியோ?”

“சொல் விளங்காமல்தான் அம்மா.”

“அப்ப சரி. ஆளை விளங்கி நிண்டிருந்தால் அது உம்மட வேலை இல்லை, என்ர வேலை.” வழக்குக் கோவையை மூடிவிட்டு, “அந்தச் சொல் உண்மையில எங்கயிருந்துதான் வந்தது?” என்று கேட்டார்.

தெரியாது என்றேன். தேடிப் பார்த்துச் சொல்லும் என்றார். தேடினேன். அகராதியில் பொருள் கிடந்தது, பிறந்த இடம் கிடக்கவில்லை. தமிழ் படிப்பித்த ஒருவர், போரில் கோட்டையைப் பறிகொடுப்பதுதான் என்று அடித்துச் சொன்னார். விளையாட்டு ஆசிரியர் ஒருவர், கபடியில் கோட்டுக்குத் திரும்பாமல் பிடிபடுவது என்றார். என் வயதுக்காரர் ஒருவர் கிளித்தட்டுத்தான் என்று என்னோடு சேர்ந்தார். மற்ற நாள் வந்து, யோசித்துப் பார்த்தால் கோட்டைதான் சரி போலிருக்கிறது என்றார். கோட்டை என்றால் ‘கோட்டையை விட்டான்’ என்றல்லவா வர வேண்டும் என்று நான் வாதாடினேன். ‘வீடு கட்டினான்’ என்கிறோமே, ‘வீட்டை’ என்றா சொல்கிறோம் என்று அவர் கேட்டார். அதுவும் சரிதான். ஒரு நாள் கோடு என்று முடிவெடுப்பேன், இன்னொரு நாள் கோட்டை என்று படும். நான் ஒரு முடிவுக்கு வருவதற்குள் நீதவானுக்கு இடமாற்றம் வந்துவிட்டது. பிரியாவிடை அன்று அதைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் உறவினர் வீட்டுக் கலியாணத்துக்கு நெடுந்தீவுக்குப் போகக் குறிகட்டுவானில் வள்ளத்துக்குக் காத்திருந்தேன். கனகரத்தினம் கயிற்றைச் சுற்றிக்கொண்டு நின்றார். என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் வந்தார். ஆட்கள் இன்னும் சேரவில்லை. நான் இப்போது நீதிமன்றத்தில் நிற்கவில்லை, யாருடைய அனுமதியும் வேண்டாம் என்று, மனதில் கிடந்ததைக் கேட்டேன்.

“அண்டைக்கு எந்தக் கருத்தில அண்ணை சொன்னனீங்கள்?”

அவர் கையிலிருந்த கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினார். “காணேல்லை எண்டு சொல்லு, மற்றது ஒண்டும் சொல்லாதை எண்டு தங்கச்சி கேட்டவள். பொய் சொல்ல மாட்டன் எண்டனான். கோட்டை விட்டிட்டன் எண்டு சொல்லுறன், அது உண்மைதானே எண்டனான். அவளும் ஓம் எண்டவள்.”

“அப்ப தவற விட்டதைத்தான் சொன்னனீங்கள்.”

“அவளோட கதைக்கேக்க அதுதான் கருத்து. கூட்டில ஏறி அந்தப் பெடியனைக் கண்ட உடனே வேற மாதிரிக் கிடந்தது. நீங்கள் வாயைத் திறக்காமல் நிக்க, நான் என்னத்தைச் சொன்னனான் எண்டு எனக்கே தெரியாமல் போச்சு.”

“நான் தவற விட்டிட்டன் எண்டு சொல்லிப்போட்டுப் போயிருந்தால்?”

“நானும் இறங்கிப் போயிருப்பன்” என்றார். “பிறகு என்ன செய்திருப்பன் எண்டு கேட்டால், அதுவும் தெரியாது.”

தங்கை அவரோடு பேசுவதில்லை என்று பிறகு சொன்னார். ஜெயசீலன் வருவான், மாமா என்று கூப்பிடுவான், சாப்பிடுவான். விளையாடவும் தொடங்கிவிட்டான், பந்து ஒரு பக்கத்தால் வந்தால்தான் பிடிக்க ஏலாது. தாய் மட்டும் வள்ளத்தில் ஏறினாலும் மற்றப் பக்கத்தால் ஏறுவார், வேறு ஆளின் கையைப் பிடித்து.

அன்றைக்கு மங்கையும் அதே வள்ளத்துக்கு வந்தார். கையில் பாரமான பை. மற்றப் பக்கத்தில் சீமெந்து மூடைகள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், இந்தப் பக்கத்தால்தான் ஏற வேண்டும். வள்ளம் உயர்ந்து தாழ்ந்துகொண்டிருந்தது. கனகரத்தினம் எல்லோருக்கும் நீட்டுவது போலக் கையை நீட்டினார். மங்கை நின்றார். பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். அவர் பையை மட்டும் அண்ணனிடம் நீட்டினார். கனகரத்தினம் வாங்கி உள்ளே வைத்தார். மங்கை கம்பியைத் தானே பிடித்துக்கொண்டு காலை எடுத்து வைத்தார்.

“பாத்து, வழுக்குது” என்றார் கனகரத்தினம்.

“தெரியும்” என்றார் மங்கை. உள்ளே போய் இருந்துகொண்டார்.

கனகரத்தினம் கயிற்றை அவிழ்த்து எறிந்துவிட்டு என்னிடம் வந்தார். முகம் நனைந்திருந்தது. கடல் தண்ணீராகவும் இருக்கலாம்.

“இண்டைக்குக் கதைச்சிட்டாள்” என்றார்.

அதைக் கதைத்ததாக எடுப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் எடுத்துக்கொண்டார்.